அரசுப் பள்ளியை மாற்றும் 24 பேர்: பள்ளி மேலாண்மைக் குழு எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது? - ஓர் அலசல்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் லோக்கல் ரயிலில் வண்டலூரைத் தாண்டி வருகிற ஊர், ஊரப்பாக்கம். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, இந்தப் பகுதியைக் கடக்காமல் தென் மாவட்டங்களுக்குப் பஸ் ஏறுவது கஷ்டம். ஜி.எஸ்.டி சாலையின் இரண்டு பக்கமும் அப்பார்ட்மென்ட்டுகள், வாடகை வீடுகள், புது மனைகள்.

இப்படியொரு ஊரில் குடியேறும் இளம் குடும்பங்கள் முதலில் சேருவது எதில்? அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில். லிஃப்ட் நின்றால், தண்ணீர் லாரி வரவில்லை என்றால், தெருவிளக்கு எரியவில்லை என்றால் பத்து நிமிடத்தில் பேச்சு ஆரம்பித்துவிடும். யாராவது ஒருவர் மனு எழுதுவார், நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள், இரண்டு பேர் ஆபீஸுக்கு நேரில் போய் வருவார்கள். இதற்குத் தனியாக யாரும் பயிற்சி எடுத்துக்கொள்வதில்லை.

இதே வேலையைப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குச் செய்வதற்குச் சட்டமே ஓர் அமைப்பை உருவாக்கி வைத்திருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. தமிழ்நாட்டில் இருக்கும் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குழு உண்டு. ஆனால், அதில் தாங்கள் என்ன கேட்கலாம், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி.

முதலில், இந்தக் குழு என்றால் என்ன?

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் கொடுக்கும் சட்டமாகத்தான் இதைப் பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 21-வது பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது.

உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. மீதி இடங்களில் தலைமை ஆசிரியர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, கல்வியில் அக்கறை உள்ளவர் போன்றோர் வருவார்கள்.

குழுவின் வேலையையும் சட்டமே சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். 22-வது பிரிவின்படி, குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசு அந்தப் பள்ளிக்கான திட்டங்களையும் நிதியையும் முடிவு செய்ய வேண்டும். அதாவது, அது 'எங்களுக்கு ஏதாவது பண்ணுங்க சார்' என்ற கோரிக்கை மனு கிடையாது. அரசின் கணக்கில் ஏற வேண்டிய ஆவணம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். முழு அதிகாரம் இருப்பது அரசுப் பள்ளிகளில்தான்.

2022-ல் என்ன மாறியது?

சட்டம் வந்து பல வருடங்கள் ஆன பிறகும், பல இடங்களில் குழு என்பது ஒரு பதிவேடாகவே இருந்தது. அதை மாற்ற, தமிழக அரசு 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் 2022-ல் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 20-ம் தேதி, ஒரே நாளில் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து, பெற்றோர் முன்னிலையில் 20 பேர் கொண்ட புதுக் குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

2024-ல் குழுக்கள் மறுபடியும் மாற்றி அமைக்கப்பட்டபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. சட்டத்தின் கணக்குப்படி, 24 பேரில் குறைந்தது 18 பேர் பெற்றோர், 12 பேர் பெண்கள். மாதாந்திரக் கூட்டம், தீர்மானங்களைச் செயலியில் பதிவு செய்வது என்று நடைமுறையும் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்திருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசா?

இல்லை. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. 1958-ல் அவர் முன்னெடுத்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூரில் முதலில் நடத்திப் பார்த்து, பிறகு மாநிலம் முழுக்க மாநாடுகளாக விரிந்தது. அந்தந்த ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். பிறகு ஊர் மக்கள் நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று தங்களால் முடிந்ததைத் தருவார்கள்.

அன்றைய ஊர் மக்களையும் இன்றைய பெற்றோரையும் பிரிப்பது ஒரே ஒரு விஷயம்தான். அன்று ஊர் மக்கள் கொடையாளர்கள். இன்று சட்டப்படி பெற்றோர் உரிமை உள்ளவர்கள். வகுப்பறை, ஆண்-பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட இடம் எல்லாமே இன்று அரசு செய்து தர வேண்டியவை என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. முன்னாள் மாணவர்கள் ஒரு ஸ்மார்ட் டி.வி வாங்கிக் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் குழுவின் வேலை வசூலோடு முடிந்துவிட்டால், அரசு செய்ய வேண்டியதைக் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

குழு அமைத்து, விவரம் சொன்னால் போதுமா?

இந்தக் கேள்விக்கு ஒரு கசப்பான பதில் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில், 280 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். 2010-ல் முடிவுகள் கட்டுரையாக வெளியாகின.

அங்கே அப்போது இருந்தது கிராமக் கல்விக் குழு. ஆரம்பத்திலேயே ஓர் அதிர்ச்சி: பெரும்பாலான பெற்றோருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, குழு உறுப்பினர்களிலேயே கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியவில்லை.

ஆய்வில் மூன்று வழிகளை முயன்று பார்த்தார்கள். சில கிராமங்களில் கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். இன்னும் சில கிராமங்களில், அதோடு சேர்த்து, பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று ஊர் மக்களே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களில், இவற்றோடு உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த வைத்தார்கள்.

முடிவு என்ன? விவரம் சொன்னதால் மட்டும் குழுக்கள் சுறுசுறுப்பாகவில்லை. பள்ளிகளும் மாறவில்லை. ஆனால் மூன்றாவது வகைக் கிராமங்களில், தன்னார்வலர் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது.

இதிலிருந்து 'குழு வேஸ்ட்' என்று முடிவுக்கு வருவது தவறு. தகவல் கொடுத்தால் மக்கள் தானாகவே கேள்வி கேட்பார்கள் என்ற நம்பிக்கைதான் பொய்த்தது. செய்ய முடிகிற ஒரு குறிப்பிட்ட வேலை கையில் இருந்தபோது, அதே மக்கள் இறங்கி வேலை செய்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வகுப்பு எடுத்தார்கள். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த 6 மாதத்துக்குள், கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் கணக்கு.

அதிகாரம் உண்மையிலேயே இருக்கிறதா?

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பெற்றோரும் குடியிருப்பு அமைப்புகளும் போராடியதன் தொடர்ச்சியாக, 1988-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்ப் பள்ளி மன்றம். வாக்களிக்கும் 11 பெரியவர்களில் 6 பேர் பெற்றோர். அந்த மன்றத்துக்குத் தலைமை ஆசிரியரைத் தேர்வு செய்யவும், அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடவும் அதிகாரம் கொடுத்தார்கள். எல்லாப் பள்ளியும் இதனால் முன்னேறிவிடவில்லை. ஆனால், பெற்றோர் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாத நிலை உருவானது.

தமிழ்நாட்டில் அந்த அளவு அதிகாரம் கிடையாது. ஆசிரியர் நியமனம், இடமாற்றம் எல்லாம் துறையின் கையில்தான். விதிவிலக்காக, 2022-ல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் அரசு கொடுத்தது. மாத மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. தகுதித் தேர்வில் தேறிக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்கு போனது. வழிகாட்டு நெறிமுறைகள் மாற்றப்பட்டன.

பெற்றோர் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நிரந்தர ஆசிரியர் கேட்க வேண்டிய குழுவே, குறைந்த சம்பளத்தில் ஆள் எடுக்கும் குழுவாக மாறினால், அடுத்த மாதம் யாரிடம் போய்க் கேட்பது?

நிதியிலும் இதே சிக்கல்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் வழியாக, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. அது சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது குழுவின் வேலை. ஆனால் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் சேராததைக் காரணம் காட்டி, 2024-25-ல் சமக்ர சிக்‌ஷா நிதியான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம்வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் நிற்கும் ஃபைலை ஒரு தொடக்கப் பள்ளியின் பெற்றோர் குழுவால் நகர்த்த முடியாது. எதைக் குழுவால் நகர்த்த முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

ஊரப்பாக்கம் மாதிரி ஊரில் என்ன சிக்கல்?

தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழும் கிராமத்தில், 'நம்ம ஊர் ஸ்கூல்' என்று சொல்ல ஆள் இருப்பார்கள். புறநகரில் அந்த உறவே இனிமேல்தான் உருவாக வேண்டும். வாடகை வீடு மாறினால் பிள்ளையின் பள்ளியும் மாறும். கட்டுமான வேலைக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கூட்டத்தில் பேசும் தமிழே தடையாக இருக்கலாம். வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகிறார்கள். அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்களும் அரசுப் பள்ளியை நம்பி இருப்பவர்களும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒரே கூட்டத்தில் உட்காருவதில்லை.

அடுத்தது நேரம். குழுக் கூட்டம் பொதுவாக நடப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. வீட்டு வேலைக்கோ, கம்பெனி ஷிஃப்ட்டுக்கோ, சித்தாள் வேலைக்கோ போகிற ஓர் அம்மா அந்தக் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. 'பேரன்ட்ஸ் வர மாட்டேங்கிறாங்க' என்ற புலம்பலுக்குப் பின்னால், பல நேரம் அக்கறையின்மையைவிட இந்தக் கணக்குதான் இருக்கிறது.

வந்தவர்களும் பேசத் தயங்குவார்கள். 'மிஸ்ஸைக் கேள்வி கேட்டா நம்ம புள்ளையத்தானே அவங்க பார்ப்பாங்க' என்ற பயம் நியாயமானது. தனியாக ஒருவர் கேட்டால் அது புகார். முன்கூட்டியே பேசி வைத்து, பத்துப் பேர் சேர்ந்து ஒரே விஷயத்தைக் கேட்டால் அது தீர்மானம். அப்பார்ட்மென்ட் சங்கத்துக்குத் தெரிந்த இந்த வித்தைதான் பள்ளிக் குழுவுக்கும் வேண்டும்.

ஓகே, நடைமுறையில் எப்படி?

உதாரணத்துக்கு, 95 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே 3 ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள்.

முதல் படி, எண். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள்வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆக, இந்தப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் குறைவு. 'டீச்சர் பத்தலை' என்று சொல்வதைவிட, '95 பேருக்கு 4 பேர் வேண்டும், 3 பேர்தான் இருக்கிறார்கள்' என்று சொல்வதற்குப் பலம் அதிகம். பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை கழிப்பறைகள் என்ற விவரம் யூடைஸ் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதைச் செல்போனில் எடுத்துக் காட்ட ஓர் இளைஞர் போதும்.

இரண்டாவது, எழுத்து. கூட்டத்தில் பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவே பள்ளி வளர்ச்சித் திட்டத்திலும் இடம்பெற வேண்டும். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. அதனால் பள்ளி வயதில் இருந்தும் சேராத பிள்ளைகளை அதற்கு முன்பே சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, ஊர். ஊரப்பாக்கம், காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில் வரும் ஊராட்சி. செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. இவற்றில் பல அரசு விடுமுறை நாட்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் இங்கே வந்து, அதே தீர்மானத்தைக் கிராம சபைத் தீர்மானமாகவும் ஆக்கலாம். அங்கே பிள்ளையின் பெயர் சொல்லித் தனியாக நிற்க வேண்டியதில்லை.

நான்காவது, புகார். அப்போதும் அசையவில்லை என்றால், 32-வது பிரிவு இருக்கிறது. குழந்தையின் கல்வி உரிமை தொடர்பாக யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சுவர், கழிப்பறை தாண்டி...

இத்தனையும் செய்த பிறகும், பெரும்பாலான குழுக்கள் தவறவிடக்கூடிய ஒன்று பாக்கி இருக்கிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர், ஃபேன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தீர்மானம் போடுவதும் சுலபம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தியை வாசிக்கத் தெரிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் இதற்காகவே கொண்டுவரப்பட்டது. ஆனால் அதன் பலன் தங்கள் பள்ளியில் எப்படி இருக்கிறது என்று குழுக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் கேட்பதற்குப் படிப்பே தேவையில்லை. 'எத்தனை பேர் வாசிக்கிறாங்க, எத்தனை பேருக்கு இன்னும் வரலை, அவங்களுக்கு என்ன பண்றீங்க?' என்ற மூன்று கேள்விகள் போதும். ஆசிரியரைக் குறை சொல்லும் தொனி இல்லாமல், 'நாங்க என்ன செய்யணும்?' என்று நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக் கேட்டால், பல ஆசிரியர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள். ஒரே ஆளாக இரண்டு வகுப்பைச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் ஆதரவு தேவைதானே.

ஜான்பூரும் இல்லம் தேடிக் கல்வியும் காட்டிய வழியும் இதுதான். கூட்டத்தில் எடுத்த முடிவு, மாலையில் தெருவில் நடக்கும் வாசிப்பு வகுப்பாக மாறும்போதுதான் பிள்ளைக்குப் பலன் கிடைக்கிறது.

பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால்?

அப்போதும் இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. கல்யாணமே ஆகாதவர்களுக்கும்கூட. நீங்கள் அந்தப் பள்ளியின் பழைய மாணவர் என்றால், முன்னாள் மாணவருக்கான இடத்துக்கு முன்வரலாம். இல்லை என்றால், கிராம சபையில் கை தூக்கலாம். மாலை வாசிப்பு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். கூட்டத்துக்குப் போகத் தயங்கும் ஓர் அம்மாவுக்குத் தீர்மானத்தை எழுதித் தரலாம். தலைவர் நாற்காலியில் அந்த அம்மாதான் உட்கார வேண்டும். ஏனென்றால், அடுத்த நாள் காலை அந்தப் பள்ளிக்குப் போகப்போவது அவருடைய பிள்ளை.

அடுத்த முறை தண்ணீர் லாரி பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போடும்போது, கூடவே இதையும் கேட்டுப் பாருங்கள்: 'நம்ம ஏரியா ஸ்கூல் கமிட்டி மீட்டிங் எப்போ?' குரூப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், முதல் வேலை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.